முதல் தேர்வும் முழங்கையும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 1965-இல் தொடங்கியது. அன்று முதல் 2025 வரை, பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த வலக்கைப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவரைக்கூட எந்த அணியும் முதல் ஆளாக எடுத்ததில்லை. பள்ளியிலிருந்து வந்த இடக்கைப் பிட்சர்கள் மூவர் மட்டும் அந்த இடத்தைப் பெற்றார்கள்: 1973-இல் டேவிட் கிளைட், 1991-இல் பிரையன் டெய்லர், 2014-இல் பிரேடி ஐக்கன். மூவரில் ஒருவரும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. இருவர் மேஜர் லீக் களத்தில் ஒரு பந்துகூட வீசவில்லை.

இதைத் துரதிருஷ்டம் என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு அன்று ரசிகர் கூட்டம் தேவைப்பட்டது. பள்ளிப் பட்டம் வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத பதினெட்டு வயது கிளைட்டை நேராக மேஜர் லீக் களத்தில், பிட்சர் நின்று வீசும் மேட்டில் நிறுத்தினார்கள். அரங்கம் நிரம்பியது. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தை வீசி முதல் ஆட்டத்தை அவர் வென்றார், ஆனால் அதே ஆட்டத்தில் ஏழு பேருக்கு வாக் கொடுத்தார். நான்கு பந்துகள் குறி தவறிப் போய், பேட்டர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து செல்வதுதான் வாக். ஓர் இளம் பிட்சருக்கு இன்னும் கற்க வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த ஏழு என்ற எண் உரக்கச் சொல்லியது. சில ஆட்டங்களோடு மைனர் லீகுக்கு, அதாவது இளம் வீரர்கள் பழகித் தேறும் கீழ்நிலை லீகுக்கு, அனுப்புவதாக இருந்த திட்டம் கைவிடப்பட்டது. 18 வெற்றி, 33 தோல்வி என்ற கணக்கோடு இருபதுகளின் நடுவிலேயே அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. டெய்லரின் கதை வேறு விதம். நியூயார்க் யாங்கீஸ் 15.5 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த அவர், 1993 டிசம்பரில் நடந்த ஒரு கைகலப்பில் தோளைச் சிதைத்துக்கொண்டார். ஐக்கனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பேஸ்பாலைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: டிராஃப்ட் நாளில் நடப்பது ஊகம், பிட்சர் உருவாவது அதற்குப் பிந்தைய நான்கைந்து ஆண்டுகளில். எல்லோரும் முதல் பத்துத் தேர்வுகளை மட்டுமே பேசிக்கொண்டிருப்பதால் அந்த ஆண்டுகள் கண்ணில் படாமலேயே போய்விடுகின்றன.

பதினெட்டு வயதுப் பையனிடம் ஒரு ஸ்கவுட், அதாவது அணிக்காக இளம் வீரர்களைத் தேடிப் பார்ப்பவர், எதைத்தான் பார்க்கிறார்? பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலைக்கு அப்பால் வரிசையாக ரேடார் துப்பாக்கிகள் உயர்வதைப் பார்த்தால், வேகம் மட்டும்தான் கணக்கு என்று தோன்றும். தேர்ந்த ஸ்கவுட் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மற்றவற்றைத் தேடுகிறார். ஆறாவது இன்னிங்ஸில், கால்கள் களைத்த பிறகும் முன்காலை ஊன்றும் இடம் மாறாமல் இருக்கிறதா; வளைபந்து வீசும்போது கை கொஞ்சம் தாழ்ந்து, பேட்டருக்கு முன்கூட்டியே சேதி சொல்லிவிடுகிறதா; தோழன் பந்தைத் தவறவிட்டு ரன் போனபின் அடுத்த பந்தை அவசரமாக வீசுகிறானா, மூச்சு வாங்கிக்கொண்டு வீசுகிறானா; தோள்களின் அகலத்தைப் பார்த்தால் இன்னும் பத்துக் கிலோ தசை ஏற இடமிருக்கிறதா. இவை எல்லாவற்றையும் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் மதிப்பெண்களாக எழுதுகிறார். 50 என்பது மேஜர் லீக் சராசரி. இன்றைக்கு என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண், வளர்ந்தபின் என்னவாகலாம் என்பதற்கு இன்னொன்று. பள்ளிப் பிட்சரிடம் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. அந்த தூரத்துக்குத்தான் அணிகள் பணம் கட்டுகின்றன.

பணத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. 2012 முதல் ஒவ்வோர் அணிக்கும் முதல் பத்துச் சுற்றுகளில் எடுப்பவர்களுக்குத் தரும் மொத்தத் தொகை வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதை ஐந்து சதவீதத்துக்கு மேல் மீறினால் வருங்கால முதல் சுற்றுத் தேர்வையே இழக்க நேரும். ஆகவே கல்லூரி நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்ள வைத்து, மிச்சமாகும் பணத்தைக் கல்லூரிக்குப் போகவிருந்த பள்ளிப் பிட்சர் ஒருவரின் மனத்தை மாற்றச் செலவிடுவது வழக்கமான உத்தி. 2021 முதல் டிராஃப்ட் 20 சுற்றுகள்தான். 2012 முதல் 2019 வரை 40 சுற்றுகளாக இருந்தது. பிற்சுற்றுகளில் யாரையாவது எடுத்துப் பார்த்துப் பொறுமையாக வளர்க்கும் வாய்ப்பு அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஏனென்றால் நம் காலத்தின் சிறந்த பிட்சர்கள் சிலர் அந்தப் பின்வரிசைகளிலிருந்துதான் வந்தார்கள். ஜேக்கப் டிகிராம் 2010-இல் ஒன்பதாம் சுற்றில், 272-ஆவது ஆளாக நியூயார்க் மெட்ஸ் அணியால் எடுக்கப்பட்டவர். ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் அவர் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே தடுத்து ஆடும் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். பிட்சிங்குக்கு வந்ததே கடைசிக் கட்டத்தில்தான். எடுத்த சில மாதங்களிலேயே முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆயிற்று, 2011 முழுவதும் வீணாயிற்று. ஆனால் ஃபுளோரிடாவில் அணியின் பயிற்சி மையத்தில் உடல் தேறிக்கொண்டிருந்தபோது, அதே நேரம் தோள் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த பிட்சர் யோஹான் சான்டானா அங்கே இருந்தார். தம் தலைமுறையின் மிகச் சிறந்த சேஞ்ச்அப் அவருடையது. அந்தப் பந்தைப் பிடிக்கும் விதத்தை அவர் டிகிராமுக்குக் காட்டிக் கொடுத்தார்.

சேஞ்ச்அப்பைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். வேகப்பந்தை வீசும் அதே கை வேகம், அதே உடலசைவு. பந்து மட்டும் விரல் நுனியில் இல்லாமல் உள்ளங்கைக்கு அருகே அமர்ந்திருப்பதால் எட்டுப் பத்து மைல் குறைவாக வந்து சேர்கிறது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 வினாடியில் பேட்டரை அடைந்துவிடும். பந்து பாதி வழி வருவதற்குள்ளாகவே மட்டையை எடுப்பதா வேண்டாமா என்று அவர் முடிவுசெய்தாக வேண்டும். அந்த நொடியில் கண் ஏமாந்தால் மட்டை முந்திக்கொண்டு சுழன்றுவிடும். இளம் பிட்சருக்கு இது மிகக் கடினமான பாடம். பள்ளியில் வேகப்பந்தாலேயே எல்லோரையும் வீழ்த்தி வந்தவன், கையை முழு வேகத்தில் வீசிக்கொண்டே பந்தை மெதுவாக அனுப்புவதை நம்ப மறுப்பான். தன்னையறியாமல் கையையும் மெதுவாக்கிவிடுவான், பந்து அடிவாங்கும். மைனர் லீகில் ஓர் ஆட்டத்தில் இத்தனை சேஞ்ச்அப் கட்டாயம் வீச வேண்டும், அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று பயிற்சியாளர்கள் சொல்லியனுப்புவது இதனால்தான். தோற்றாலும் குற்றமில்லை என்று சொல்லக்கூடிய இடம் மைனர் லீக் மட்டுமே. கிளைட்டுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

டிகிராம் 2014-இல், இருபத்தைந்து வயதில், மேஜர் லீகுக்கு வந்து அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பெற்றார். டிட்ராய்ட் டைகர்ஸின் டாரிக் ஸ்கூபலும் 2018-இன் ஒன்பதாம் சுற்றுக்காரர்தான். கல்லூரியிலேயே முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் மற்ற அணிகள் தயங்கின. 2024, 2025 இரண்டிலும், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சை யங் விருது அவருக்கே. கிளீவ்லாந்து அணியின் வழியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கல்லூரியில் அதிக வேகமில்லாமல், ஆனால் வாக் கொடுக்காமல், சொன்ன இடத்தில் பந்தைப் போடுபவரைத் தேடி எடுத்து, வேகத்தைப் பிறகு ஏற்றிக்கொள்வது அவர்களுடைய பழக்கம். 2016-இன் நான்காம் சுற்றில் வந்த ஷேன் பீபர் அப்படித்தான் 2020-இல் சை யங் விருது வரை போனார். வேகத்தைக் கற்பிக்கலாம், குறியைக் கற்பிப்பது கடினம் என்ற அந்த நம்பிக்கையை நானும் ஏற்கிறேன்.

வேகத்தைக் கற்பிக்கலாம் என்பது முன்பு இல்லாத எண்ணம். அது பிறவிக் கொடை என்றுதான் பழைய தலைமுறை நம்பியது. வாஷிங்டன் மாநிலத்தின் கென்ட் நகரில் உள்ள டிரைவ்லைன் போன்ற பயிற்சிக்கூடங்கள் எடை கூட்டிய பந்துகளையும் அசைவுப் பதிவுக் கருவிகளையும் கொண்டு அந்த நம்பிக்கையை மாற்றின. இன்று மைனர் லீக் பயிற்சியில் அதிவேகக் கேமரா விரல்களுக்கு நேராக நிற்கும். பந்தைக் கடைசியாக விட்டது ஆள்காட்டி விரலா நடுவிரலா என்பதை நிறுத்தி நிறுத்திக் காட்டும். பக்கத்தில் உள்ள கருவி பந்தின் சுழற்சியையும் அதன் அச்சையும் உடனே சொல்லும். மாதக்கணக்கில் தடவித் தடவிக் கண்டுபிடித்ததை ஒரு பிட்சர் இப்போது சில வாரங்களில் கண்டுபிடித்துவிடுகிறார்.

இதற்கு விலை இருக்கிறது, அதைத் தருவது முழங்கை. முழங்கையின் உட்பக்கத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைத்துப் பிடித்திருக்கும் சிறிய தசைநார்தான் ஒவ்வொரு வீச்சிலும் இழுபடுவது. கிரிக்கெட் பந்துவீச்சில் மடங்கிய முழங்கையை வீசும்போது நிமிர்த்தக் கூடாது என்பது விதி. பேஸ்பாலில் மடங்கிய முழங்கை சாட்டைபோல் விரிகிறது, விசை முழுவதும் அந்த ஒரு மூட்டின் வழியாகப் போகிறது. தசையைப் பயிற்சியால் வலுவாக்க முடிகிற அளவுக்குத் தசைநாரை வலுவாக்க முடியாது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு உடலின் வேறிடத்திலிருந்து தசைநாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார். ஜான் மீண்டு வந்து மேலும் 164 ஆட்டங்களை வென்றார். அன்று அதிசயமாக இருந்த அந்தச் சிகிச்சை இன்று பள்ளி மாணவர்களுக்கும் செய்யப்படுகிறது. 2008 அளவில் 92 மைலுக்கு அருகில் இருந்த மேஜர் லீக் வேகப்பந்துச் சராசரி இப்போது 94-ஐத் தாண்டிவிட்டது. மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதும் காயங்களுக்கு முக்கியக் காரணங்கள் என்று கூறியது. ஸ்கவுட்டின் கண்ணில் படவே பதினைந்து வயதுப் பையன்கள் ஆண்டு முழுதும் காட்சி ஆட்டங்களில் முழு பலத்தோடு வீசுகிறார்கள். பதினேழு, பதினெட்டு வயதினர் ஒரு நாளில் 105 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது என்று மேஜர் லீக்கும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் வகுத்த வழிகாட்டுதல் இருக்கிறது. மூன்று வெவ்வேறு அணிகளுக்கு ஆடும் பையனின் பந்துகளை யார் கூட்டிப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. டிராஃப்டுக்கு வெளியே, பதினாறு வயதிலேயே ஒப்பந்தமாகும் டொமினிக்கன் குடியரசுச் சிறுவர்களுக்கு இந்த அழுத்தம் இன்னும் சீக்கிரம் தொடங்கிவிடுகிறது.

ஐக்கனின் கதை இங்கேதான் வருகிறது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2014-இல் அவரை முதலாவதாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநாரைப் பற்றிச் சந்தேகம் எழவே, பேசிய தொகையைக் குறைத்தது. அவர் கையெழுத்திடவில்லை. மறு ஆண்டே அந்தத் தசைநார் கிழிந்தது. கிளீவ்லாந்து அவரை 17-ஆவதாக எடுத்தும் அவர் மேஜர் லீகை எட்டவில்லை. கையெழுத்தாகாத தேர்வுக்கு ஈடாகக் கிடைத்த இடத்தில் ஆஸ்ட்ரோஸ் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தது. அணிக்கு நட்டமில்லை, பையனுக்குத்தான் எல்லாம் போயிற்று. டிராஃப்டுக்கு முன்பே பரிசோதனைக்கு உட்படும் முன்னணி வீரர்களுக்கு, அவர்கள் இடத்துக்குரிய தொகையில் குறைந்தது 75 சதவீதத்தை அணி தர முன்வர வேண்டும் என்ற விதி 2022 ஒப்பந்தத்தில் வந்தது நல்ல மாற்றம்.

காயத்துக்குப் பின் ஒரு கையை எப்படிக் காப்பது என்ற வாதத்தில் ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க்கைத் தவிர்க்க முடியாது. 2009-இன் முதல் தேர்வு. 2010 ஜூனில் அறிமுக ஆட்டத்திலேயே 14 ஸ்டிரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க விடாமலே 14 முறை பேட்டரை வெளியேற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில் முழங்கை அறுவை சிகிச்சை. 2012-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் பட்டத்துக்கான பிளே ஆஃப் சுற்றுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 159 இன்னிங்ஸ் சொச்சத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். அணி முதல் சுற்றிலேயே தோற்றது, விமர்சனம் கொட்டியது. 2019-இல் அவர் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த வீரரானார், அதன்பின் 24.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டும் காயங்களால் சில ஆட்டங்களே வீசி 2024-இல் ஓய்வு பெற்றார். நிறுத்தியது சரியா தவறா என்பதை இந்தப் பிற்கதையால் நிரூபிக்க முடியாது. அன்று கையில் இருந்த மருத்துவ அறிவுரைப்படி ஒரு கோப்பையைவிட இருபத்துநான்கு வயதுக்காரரின் கையைப் பெரிதென்று எண்ணிய நிர்வாகத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

பால் ஸ்கீன்ஸ் 2023-இல் முதலாவதாகத் தேர்வாகி 92 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டபோது, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அந்த ஆண்டின் எஞ்சிய நாட்களில் அவரை ஒரு சில இன்னிங்ஸே வீச வைத்தது. 2024 வசந்தத்தில் இண்டியானாபொலிஸ் மைனர் லீக் அணியில் குறுகிய ஆட்டங்களாகக் கொடுத்து, மே மாதம் மேலே அழைத்தது. அவர் விமானப் படைக் கல்லூரியில், பிட்சரின் பந்தைப் பிடிக்கும் கேட்சராகவும் ஆடிவிட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர். பிட்சிங்குக்கே முழுமையாக வந்தது அங்கேதான். சிறந்த புதுமுகம், அடுத்த ஆண்டே சை யங் விருது. இந்த வேகத்தை அளவுகோலாகக் கொண்டு மற்ற இளைஞர்களை அளந்தால் அது அநியாயம்.

டிராஃப்ட் முடிந்த பின் நான் மைனர் லீக் பதிவுகளைத் தொடர்ந்து பார்ப்பேன். எந்த மைல் கணக்கையும் தேடுவதில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை வாக் கொடுத்தார், மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ மட்டத்தில் எதிர்க்கை (வலக்கைப் பிட்சருக்கு இடக்கை, இடக்கைப் பிட்சருக்கு வலக்கை) பேட்டர்களுக்குத் தம் மூன்றாவது வகைப் பந்தை வீசத் துணிந்தாரா, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது, இரண்டாம் ஆண்டில் இன்னிங்ஸ் படிப்படியாக ஏறியதா அல்லது ஒரே தாவலாகத் தாவியதா என்பவற்றையே குறித்து வைக்கிறேன். நான்காம் சுற்றிலும் ஒன்பதாம் சுற்றிலும் வந்தவர்களின் பெயர்களை அந்தக் குறிப்பில் முதலில் எழுதிவிடுகிறேன்.