ஜீவனாம்ச பாக்கியும் மகளைப் பார்க்கும் உரிமையும்: ஓர் அச்சகத் தொழிலாளியின் அனுபவம்

ஜீவனாம்சத்தை ஒழுங்காகக் கட்ட இயலாத ஒரு தகப்பன், தன் பிள்ளையைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்கலாமா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே நான் நெடுங்காலம் என் மகளைப் பார்க்காமல் இருந்தேன். கேட்கலாம் என்பதையும், அதற்குக் கடன் வாங்கி வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை என்பதையும் இலவசச் சட்ட உதவி தரும் அரசு அமைப்பான சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலமாகவே அறிந்துகொண்டேன். பாக்கித் தொகைக்கு அஞ்சிப் பிள்ளைகளிடமிருந்து விலகி நிற்கும் தகப்பன்மார் என் தொழிலிலேயே பலர் இருப்பதால், நான் கடந்துவந்த வழியை விரிவாக எழுதுகிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்க்கிறேன். ஆடிப் பதினெட்டன்று புத்தாண்டுக்கான நாட்காட்டி ஆல்பங்கள் வெளியான பிறகுதான் எங்கள் ஊரில் வேலை சூடுபிடிக்கும். மார்கழி வரை இரவு பகலாக ஓடும் இயந்திரங்கள் தை பிறந்ததும் ஓய்ந்துவிடும். எங்கள் வருமானமும் அப்படித்தான் ஏறி இறங்கும். 2020 பொதுமுடக்கத்தில் அச்சகம் பூட்டிக் கிடந்தபோது, ஏற்கெனவே வீட்டில் இருந்த மனக்கசப்பு முற்றி, என் மனைவி மூன்று வயது மகளை அழைத்துக்கொண்டு மதுரையில் தம் பெற்றோர் வீட்டுக்குச் சென்றுவிட்டார். அடுத்த ஆண்டு அவர் ஜீவனாம்சம் கோரி மனு செய்தார். உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வகுத்த நெறியின்படி, மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட்டதால், உத்தரவு வந்த அன்றே என் பெயரில் பெரும் பாக்கி நின்றது. அந்த நெறி நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். வழக்கு நடக்கும் மாதங்களிலும் குழந்தை சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும். ஆனால் கூலிக்காரன் ஒருவனால் அந்தத் தொகையை ஒரே மூச்சில் கட்ட முடியாது.

உத்தரவை மீறினால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. மதுரைக்குப் போனாலே பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னதை நம்பினேன். மாமனார் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம், “பணத்தைக் கட்டிவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள் மாப்பிள்ளை” என்ற ஒரே பதில்தான் வந்தது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. மகளையும் பேத்தியையும் தம் ஓய்வூதியத்தில் தாங்கிக்கொண்டிருந்தவர் வேறு என்ன சொல்லியிருப்பார்?

எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர்தான் என்னைச் சிவகாசி நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே சட்டத் தன்னார்வலராக இருந்த, பள்ளி ஆசிரியையாக ஓய்வுபெற்ற அம்மையார் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். “தம்பி, பாக்கி ஒரு மூட்டை, பிள்ளை ஒரு மூட்டை. ரெண்டையும் சேர்த்துக் கட்டிக்கிட்டுத் தூக்க முடியலன்னு உட்கார்ந்திருக்கீங்க,” என்றார். சட்டம் இவை இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது என்பதை அவர்தான் விளக்கினார். பாக்கி இருக்கிறது என்பதற்காகவே பிள்ளையைப் பார்க்கும் கோரிக்கை அடிபட்டுப் போகாது. அதேபோல், பிள்ளையைக் காட்டவில்லை என்று சொல்லிப் பணத்தை நிறுத்தவும் முடியாது. இந்த இரண்டாவது பாதியை நம் ஆண்கள் வசதியாக மறந்துவிடுகிறோம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் பாராமலே இலவச உதவி பெறலாம்; என்னைப் போன்ற மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, இ-சேவை மையத்தில் பெற்ற வருமானச் சான்றிதழ், பழைய உத்தரவின் நகல் ஆகியவற்றை இணைத்து விண்ணப்பித்தேன். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்பதால் விண்ணப்பம் மதுரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சென்றது. அங்கே நியமிக்கப்பட்ட வழக்கறிஞருக்கு நான் கட்டணம் எதுவும் தரவில்லை. ஆணைக்குழுவே அவருக்கு மதிப்பூதியம் வழங்குகிறது.

வழக்கறிஞர் இரண்டு மனுக்களைத் தயாரித்தார். முதலாவது, வருமானம் குறைந்த சூழ்நிலையைக் காட்டி ஜீவனாம்சத் தொகையை மாற்றியமைக்கவும், பழைய பாக்கியைத் தவணையில் கட்ட அனுமதிக்கவும் கோரியது. அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-ஆவது பிரிவின் கீழ் வந்தது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் அது 146-ஆவது பிரிவு. சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் விவரிக்கும் பிரமாணப் பத்திரத்தில், சீசனில் வாங்கும் கூலியையும் சீசன் இல்லாத காலத்துக் கூலியையும் தனித்தனியாக எழுதச் சொன்னார். வருமானத்தைக் குறைத்துக் காட்டும்படி சிலர் யோசனை சொன்னபோது, அப்படிச் செய்தால் அடுத்த மனுவை எந்த நீதிபதியும் நம்ப மாட்டார் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது மனு, 1890-ஆம் ஆண்டின் ‘கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ்’ சட்டத்தின் (குழந்தைகளின் பாதுகாவலர் பற்றிய சட்டம்) கீழ் மகளைச் சந்திக்க அனுமதி கோரியது. மகள் தாயிடமே வளரட்டும், எனக்குச் சந்திப்பு மட்டும் போதும் என்று முதல் பத்தியிலேயே எழுதச் சொன்னேன். பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் அந்த வீட்டில் இருந்தவரை எதுவும் நகராது என்று எனக்குத் தோன்றியது.

நீதிமன்றம் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. அங்கே பேசுவது எதையும் பிறகு வழக்கில் சான்றாகப் பயன்படுத்த முடியாது என்பதால் இருவரும் மனம்விட்டுப் பேச முடிந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் தாம் தனியாக மருத்துவமனையில் நின்றதையும், பள்ளியில் அப்பா பெயரைக் கேட்டால் குழந்தை திகைத்து நின்றதையும் என் மனைவி அங்கேதான் முதன்முதலில் சொன்னார். பதில் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும் என்று மத்தியஸ்தர் என்னிடம் சொன்னார். இந்த நடைமுறை முழுவதிலும் எனக்கு மிகவும் கடினமாக இருந்த பகுதி அதுதான். மிகவும் பயன்பட்டதும் அதுதான். பாக்கியை மாதத் தவணையாகப் பிரித்து, சீசன் மாதங்களில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் என் மனைவியின் வங்கிக் கணக்கில் செலுத்துவது என்று உடன்பாடு ஏற்பட்டது. ரொக்கமாகக் கொடுப்பதை அடியோடு விட்டுவிட்டேன். வங்கிப் பதிவு இருந்தால் கொடுத்தேன், கொடுக்கவில்லை என்ற வாக்குவாதமே எழுவதில்லை.

முதல் சந்திப்புகள் குடும்ப நல நீதிமன்றத்தில் குழந்தைகளுக்காக ஒதுக்கிய அறையில், ஆலோசகர் முன்னிலையில் நடந்தன. மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கட்டியணைக்க முயலக் கூடாது, அம்மாவைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது, விலை உயர்ந்த பொருள் வாங்கி வரக் கூடாது, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும் என்று ஆலோசகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அச்சகத்தில் ஓரம் வெட்டிய பளபளப்பான காகிதத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்து பறவையும் படகும் மடித்தேன். அவள் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தூரத்திலேயே நின்றாள். பின்னொரு சந்திப்பில் அருகே வந்து, ஒரு படகு கோணலாக இருக்கிறது என்று திருத்திக் கொடுத்தாள். பிழை கண்டுபிடிக்கும் குணம் அவளிடமும் இருக்கிறது என்று நான் பூரித்துப் போனேன்.

நாளடைவில், மாதத்தில் இரு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியிடத்தில் சந்திக்க நீதிமன்றம் அனுமதித்தது. நுழைவுக் கட்டணம் இல்லாத, நிழல் மிகுந்த இடமாக மதுரை காந்தி அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுத்தேன். பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலி இழப்பும் என் போன்றவர்களுக்குப் பெரிய தொகைதான். இலவசச் சட்ட உதவியில் நீதிமன்றக் கட்டணம் அடங்குகிறது, தகப்பனின் பயணச் செலவு அடங்குவதில்லை. சந்திப்பு நாள்களுக்கு ஒரு சிறு பயணப்படி கிடைத்தால் பாதியில் கைவிடும் தகப்பன்மார் பலர் தொடர்ந்து வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். தன்னார்வலர் அம்மையாரிடமும் இதை எழுத்து மூலமாகவே கொடுத்திருக்கிறேன்.

தொடங்க நினைப்பவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் அழைத்தால் அருகிலுள்ள சட்டப்பணிகள் குழுவின் விவரம் கிடைக்கும். அழைப்பதற்கு முன்பே, சிறிய தொகையானாலும் இந்த மாதத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பத் தொடங்கிவிடுங்கள். என் மனுவில் நீதிபதி முதலில் பார்த்தது அந்தப் பதிவைத்தான்.

கோடை விடுமுறையில் மகள் ஒரு வாரம் சிவகாசியில் தங்குவதற்கு இப்போது நானும் என் மனைவியும் கூட்டாக மனு கொடுத்திருக்கிறோம். அந்த ஏழு நாளும் என் தாயார் உடனிருக்க வேண்டும் என்பது என் மனைவி வைத்த நிபந்தனை. அம்மா அதற்குச் சம்மதித்துவிட்டார். மனு அடுத்த வாய்தாவில் விசாரணைக்கு வருகிறது.