‘செல்லாது’ என்று வந்த என் மெத்திலேற்றப் பரிசோதனை

கருப்பைவாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் முற்றுமா என்று கணிக்க உதவும் மெத்திலேற்றப் பரிசோதனையின் முடிவை வாங்கச் சென்ற அன்று, முகப்பில் இருந்த ஊழியர் தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “ஒன்றும் இல்லையம்மா, நீங்கள் போகலாம்” என்றார். நானும் நம்பிப் படியிறங்கிவிட்டேன். வாசலில் நின்று மறுபடி வாசித்தபோதுதான், ஃபேம்19ஏ4, மிர்124-2 ஆகிய இரண்டு மரபணுக்களுக்கு நேரே கோடு மட்டுமே இருப்பதும், கீழே ஏக்டிபி என்ற ஒப்பீட்டு மரபணுவுக்கு நேரே ‘செல்லாது’ என்று அச்சாகியிருப்பதும் கண்ணில் பட்டன.

கருப்பைவாயைத் தாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான பரிசோதனை, கருப்பைவாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி, சிறு திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி ஆகியவை எல்லாம் தடையின்றி முடிந்திருந்தன. சி.ஐ.என். 2, அதாவது கருப்பைவாய்ச் செல்களில் புற்றுநோய்க்கு முந்தைய நடுத்தர மாற்றம், என்று வந்தது. அது இரண்டுங்கெட்டான் நிலை. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே தணிந்துவிடும், சிலருக்கு முற்றிவிடும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம்தான். ஆனால் அதன்பின் வரும் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடக்கூடும் என்பதால், இன்னொரு குழந்தையை விரும்பிய நான் தயங்கினேன். வைரஸ் நெடுநாள் தங்கிப் பாதிப்பு முற்ற முற்ற, செல்கள் கட்டுமீறாமல் காக்கும் சில மரபணுக்களின்மீது மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதித் துணுக்குகள் ஏறி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. அந்த ஏற்றத்தை அளந்தால் காத்திருக்கலாமா என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும் என்றார் மருத்துவர்.

மீண்டும் மேலே ஏறி, இரண்டு மணிநேரம் காத்திருந்து மருத்துவரைப் பார்த்தேன். நடந்ததை அவர் விளக்கினார். ஆய்வகத்தில் டி.என்.ஏ.வை முதலில் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளில் இடுவார்கள். டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், மெத்தில் இல்லாதபோது யுராசில் என்ற வேறொரு எழுத்தாக மாறிவிடும், மெத்தில் உள்ளது மாறாமல் நிற்கும், அந்த வேறுபாட்டைத்தான் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறை படிக்கிறது. ஆனால் அந்த வேதிப்பொருளே டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும். நானே எடுத்துக் கொடுத்த மாதிரியில் செல்கள் குறைவு; எனவே படிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அதைக் காட்டிக்கொடுப்பதற்காகவே ஏக்டிபியைச் சேர்த்துப் பார்க்கிறார்களாம்.

மறுமுறை மாதிரி கொடுக்கப் போன நாளில் மாதவிடாய் தொடங்கிவிட்டதால் திருப்பி அனுப்பினார்கள். முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டிருந்தால் அந்த வீண் பயணத்தைத் தவிர்த்திருக்கலாம். அடுத்த முறை மருத்துவரே மாதிரி எடுத்தார். ஆனால் பயாப்ஸி அறிக்கையின் நகல் இணைக்கப்படவில்லை என்று ஒன்பது நாள்கள் குப்பியை அப்படியே வைத்திருந்தார்கள், அதுவும் நானாகக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. இந்த வழியில் போகிறவர்கள் அந்த அறிக்கையின் இரண்டு நகல்களைக் கையோடு வைத்திருங்கள். ‘நெகட்டிவ்’ என்று யாராவது வாயால் சொன்னால், ஒப்பீட்டு மரபணுவின் வரியையும் காட்டச் சொல்லுங்கள்.

இம்முறை ஏக்டிபி சரியாக வந்திருந்தது. மற்ற இரண்டிலும் மெத்திலேற்றம் இல்லை. அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, விரைவில் முற்றும் வாய்ப்புக் குறைவு என்று மட்டுமே கொள்ளலாம் என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். ஆறு மாதம் கழித்து மறுபடி கால்போஸ்கோப்பிக்கு நாள் குறித்தார்கள்.

கிளம்பும்போது சந்தேகப்பட்டுக் கேட்டேன். கணினியில் என் முதல் முடிவு ‘நெகட்டிவ்’ என்றே பதிவாகியிருந்தது. அதே ஊழியர் என் கண்முன்னே அதை அழித்துச் ‘செல்லாது’ என்று திருத்தும்வரை நான் முகப்பை விட்டு நகரவில்லை.