நைட்ரேட் நீக்கும் வினையூக்கி: முதல் வருடத்தில் நான் தப்பாகப் போட்ட கணக்கு

தண்ணீரில் கலந்த நைட்ரேட்டை மின்சாரத்தால் நீக்கும் வினையூக்கிதான் என் ஆராய்ச்சி. முதல் வருடக் கடைசியில் என்னிடம் ஓர் அழகான வரைபடம் இருந்தது. செம்புத் தகட்டின் மேல் கொஞ்சம் பல்லேடியம் படியவைத்த மின்வாய். தண்ணீரில் இருந்த நைட்ரேட்டில் பாதிக்கு மேல் நைட்ரஜன் வாயுவாகப் போய்விட்டது என்று அந்த வரைபடம் சொன்னது. லேபில் இருந்த சீனியர் அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நைட்ரஜனை அளந்தியா, இல்ல கழிச்சுப் போட்டியா?"

கழித்துத்தான் போட்டிருந்தேன். முதலில் இருந்த நைட்ரேட்டிலிருந்து மிச்சமான நைட்ரேட், உருவான நைட்ரைட், அமோனியா மூன்றையும் கழித்து, வந்ததை நைட்ரஜன் வாயு என்று எழுதிவிட்டேன். பல பேப்பர்களில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சமாதானமும் வைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். நைட்ரேட் எலெக்ட்ரான் வாங்கி ஒடுக்கமடையும்போது எதிர்மின்வாய்ப் பக்கம் ஹைட்ராக்சைடு குவியும். நடுநிலையான சோடியம் சல்பேட் கரைசலில்தான் ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரத்தில் பி.எச். 11-க்கு ஏறியிருந்தது. 9.25-ஐத் தாண்டினாலே, கரைசலில் அயனியாக இருக்கும் அம்மோனியத்தில் பாதிக்கு மேல் அமோனியாவாக மாறி, பறந்துபோகத் தயாராக இருக்கும். நான் வேறு ஆக்சிஜனை விரட்டுகிறேன் பேர்வழி என்று விடாமல் ஆர்கான் குமிழிகளை விட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் வாயு வெளியேறும் குழாயை நீர்த்த கந்தக அமிலம் இருந்த குப்பிக்குள் விட்டோம். சோதனை முடிந்ததும் அந்த அமிலத்தில் கொஞ்சம் எடுத்து, காரம் விட்டுச் சரிசெய்து, அமோனியா இருந்தால் நீலமாகும் இண்டோஃபீனால் சோதனைக்கு வைத்தோம். மெல்ல மெல்ல மயில்கழுத்து நிறம் ஏறியது. என் 'நைட்ரஜன்' அந்தக் குப்பியில் நீலமாக நின்றது. இரண்டு மின்வாய்ப் பக்கங்களையும் பிரிக்கும் நஃபியான் சவ்வைக் கழற்றி அமிலத்தில் ஊறவைத்துப் பார்த்தபோது அதிலிருந்தும் கொஞ்சம் அம்மோனியம் வந்தது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நைட்ரஜன் கணக்கை நேர்செய்யக் கற்றுக்கொண்ட பிறகு வினையூக்கியைத் தொடுங்கள். முதல் மாதம் வெறும் செம்புத் தகடு போதும். நைட்ரேட்டுக்கு 220 நானோமீட்டர் உறிஞ்சல் எளிது, ஆனால் அந்த இடத்தில் நைட்ரைட்டும் உறிஞ்சும். அயனிகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் அயனி குரோமட்டோகிராஃபி கிடைத்தால் அதையே நம்புங்கள். நைட்ரைட்டுக்கு கிரீஸ் சோதனை, இளஞ்சிவப்பு நிறம் வரும், 540 நானோமீட்டரில் அளக்கலாம். அமோனியாவுக்கு இண்டோஃபீனால், 655 நானோமீட்டர். தெரிந்த செறிவுகளை அளந்து போடும் அளவீட்டு வளைகோட்டை நீங்கள் பயன்படுத்தும் அதே மின்பகுளியில் (மின்சாரம் கடத்தும் கரைசலில்) போடுங்கள்; காய்ச்சி வடித்த நீரில் போட்ட கோடு உப்புக் கரைசலுக்கு ஒத்துவராமல் போகலாம். மின்சாரம் இல்லாமல் ஒரு ஓட்டம், நைட்ரேட் இல்லாமல் ஒரு ஓட்டம் கட்டாயம். வினையூக்கியை காப்பர் நைட்ரேட்டிலிருந்து தயாரித்தவர்களுக்கு, அதில் தங்கிவிட்ட நைட்ரேட்டால், இந்த இரண்டாவது ஓட்டம் சில நேரம் முகத்தில் அறையும்.

அலகு விஷயத்திலும் ஒரு வாரம் வீணாக்கினேன். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் 50 மி.கி./லி. என்பது நைட்ரேட்டாக. அமெரிக்க வரம்பான 10 மி.கி./லி. என்பது நைட்ரஜனாக. இடையே 4.43 மடங்கு. ஒரு பேப்பரில் 'நைட்ரேட்' என்று போட்டிருந்தாலும் எந்தக் கணக்கு என்று தோண்டிப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள்.

இனி வினையூக்கிக்கு வருவோம். முதல் படி, அதாவது நைட்ரேட் இரண்டு எலெக்ட்ரான் வாங்கி நைட்ரைட் ஆவது, பெரும்பாலும் அதுதான் வேகத்தைக் கட்டிப்போடுகிறது. நைட்ரேட் உலோகத்தில் லேசாகத்தான் ஒட்டும். குளோரைடு மாதிரி அயனிகள் இருந்தால் இடத்துக்குப் போட்டியும் வரும். இந்தப் படிக்குச் செம்பு நல்ல கை. ஆனால் நைட்ரைட்டை உருவாக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுகிற குணம் அதற்கு உண்டு. நைட்ரைட்டோ நைட்ரேட்டைவிட ஆபத்தானது. அதனால்தான் ஹைட்ரஜனை எளிதில் பிடித்துக்கொடுக்கும் பல்லேடியம், நிக்கல், கோபால்ட் போன்ற இரண்டாவது உலோகத்தைச் சேர்க்கிறார்கள்: ஒருவர் நைட்ரைட்டாக்கிக் கொடுக்க, அடுத்தவர் அதை மேலே கொண்டுபோக வேண்டும். இரண்டாவதை அதிகம் சேர்த்தால் மின்சாரமெல்லாம் ஹைட்ரஜன் வாயுவாகக் குமிழ்ந்து போகும். என் முதல் பல்லேடியம் மாதிரிகள் சோடா பாட்டிலைத் திறந்தது போல நுரைத்தது இதனால்தான்.

கணக்கீட்டுப் பக்கம் போனால் நைட்ரஜன் அணு, ஆக்சிஜன் அணு இரண்டும் பரப்பில் எவ்வளவு இறுக ஒட்டுகின்றன என்பதை வைத்து எரிமலை வடிவ வரைபடம் போடுவார்கள். அளவாக ஒட்ட வேண்டும், ரொம்பவும் ஒட்டக் கூடாது. பாடமாக இது அருமை. எந்த உலோகத்தைத் தொடவே வேண்டாம் என்பதற்கு நல்ல வழிகாட்டி. எதைத் தொடலாம் என்பதற்கு நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. மின்வாய் வேலை செய்யும்போது மாறிவிடுகிறது; கஷ்டப்பட்டு வளர்த்த காப்பர் ஆக்சைடு நுண்கம்பி பல நேரம் செம்பாக ஒடுங்கி வேறு உருவில் நிற்கும். ஓட்டத்துக்கு முன்பு எடுத்த எக்ஸ்-கதிர் படத்தை மட்டும் வைத்து 'செயல்மையம் (வினை நடக்கும் இடம்) இதுதான்' என்று எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள்.

எது வேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நைட்ரஜன் வாயு வேண்டுமானால் பரப்பில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சந்தித்தாக வேண்டும், ஒரு நைட்ரஜனுக்கு 5 எலெக்ட்ரான். அமோனியாவுக்கு 8, அங்கே சந்திப்பு தேவையில்லை, ஹைட்ரஜன் இருந்தால் போதும். நைட்ரேட் குறைவான தண்ணீரில் அந்தச் சந்திப்பு அரிதாகிவிடும். குடிநீரில் அமோனியாவை விட்டு வைத்துவிட்டு 'நைட்ரேட் நீக்கம் 98 சதவீதம்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கழிவுநீரிலிருந்து உரத்துக்கு அமோனியா எடுப்பது வேறு வேலை, அது நியாயமான இலக்கு. குளோரைடு உள்ள நீரில் நேர்மின்வாயில் உருவாகும் ஹைப்போகுளோரைட் அமோனியாவை நைட்ரஜனாக்கும். அதே ஹைப்போகுளோரைட் நைட்ரைட்டைத் திரும்ப நைட்ரேட்டாக்கவும் செய்யும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது செறிவு. நிறைய பேப்பர்களில் 0.1 மோலார் நைட்ரேட், கூடவே 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 0.1 மோலார் என்றால் லிட்டருக்கு 6,200 மி.கி. குடிநீர் வரம்பான 50 மி.கி. வெறும் 0.8 மில்லிமோலார். அந்தச் செறிவில், பரப்பை ஒட்டிய அசையா அடுக்கு 100 மைக்ரோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், எட்டு எலெக்ட்ரான் வினைக்கே சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1.2 மில்லிஆம்பியர்தான் தாங்கும். நைட்ரேட் பரப்புக்கு வந்து சேர்வதற்கே அவ்வளவுதான் முடியும். அதற்கு மேல் தள்ளும் மின்சாரம் பெரும்பாலும் தண்ணீரைத்தான் பிரிக்கும். எவ்வளவு உயர்ந்த வினையூக்கியானாலும் இதே கதிதான். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று பல்லேடிய விகிதம் மாற்றும் ஆறு மாதத் திட்டத்தை மூடிவைத்துவிட்டு, நைட்ரேட் பரப்புக்குச் சீக்கிரம் வந்து சேர, கரைசல் ஊடுருவிப் பாயும் துளைகள் நிறைந்த செம்பு நுரை மின்வாய்க்கு மாறினேன். கைடுக்கு முதலில் பிடிக்கவில்லை. கணக்கை மேசையில் வைத்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. நேர்மின்வாயாகப் பிளாட்டினம் வைத்தால் அது கரைந்து உங்கள் மின்வாயில் படியலாம். பிறகு 'உலோகமில்லா வினையூக்கி' என்று பெருமைப்பட முடியாது. செம்பை மின்னழுத்தம் கொடுக்காமல் கரைசலில் ஊறவிடாதீர்கள், கரையும். ஓட்டம் முடிந்ததும் நீரில் செம்பு எவ்வளவு என்று பாருங்கள், குடிநீருக்கான வழிகாட்டி அளவு 2 மி.கி./லி. உண்மையான நிலத்தடி நீரை ஊற்றினால் கால்சியமும் மெக்னீசியமும் எதிர்மின்வாயில் வெள்ளையாகப் படியும். நான் அதை மூன்றாம் வருடத்தில்தான் ஊற்றினேன். நான்காம் நாள் மின்வாயை வெளியே எடுத்தபோது செம்பு நிறமே தெரியவில்லை, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தது. நீங்கள் முதல் வருடத்திலேயே ஒரு முறை ஊற்றிப் பாருங்கள்.