அப்பா கண் விழிக்காத மூன்று மணி நேரம்

அப்பாவுக்கு 74 வயது. பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. அரை மணியில் எழுந்துவிடுவார் என்றார்கள். ஒன்றரை மணி ஆகியும் எழவில்லை. கதவைத் தட்டினால் நர்ஸ், "மயக்கம் தெளியலை, வெளியே உட்காருங்க" என்று சாத்திக்கொள்வார். மூன்று முறை இதே பதில்.

நான்காவது முறை மயக்க மருந்து டாக்டரே வந்தார். ரத்தத்தில் சர்க்கரையும் சோடியமும் சரியாம். உடம்பு மட்டும் 35 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்திருந்ததால் சூடுகாற்றுப் போர்வை போட்டிருக்கிறார்களாம். அப்புறம் கேட்டார்: "தூக்க மாத்திரை சாப்பிடுவாரா?"

தூக்கிவாரிப்போட்டது. ஆறேழு வருடமாக ராத்திரி ஒன்று போடுகிறார். மருந்துப் பட்டியல் கேட்டபோது பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மட்டும்தான் எழுதிக் கொடுத்தேன். அதை ஒரு மருந்தாகவே எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. முந்தின இரவு பயத்தில் இரண்டு போட்டாராம். அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

பெயர் கேட்டார்கள். வீட்டுக்கு ஓடினேன். அட்டை கிடைத்தது, ஆனால் வெட்டி வெட்டி வாங்கியதில் பெயர் இருந்த பக்கம் போயிருந்தது. ஒரு மணி நேரம் வீண். கடைசியில் அக்காவின் போனில் பழைய மருந்துச் சீட்டின் போட்டோ இருந்தது: அல்பிரசோலம். (மாத்திரை அட்டையை முழுசாகப் போட்டோ எடுத்து வையுங்கள்.)

அதை முறிக்க ஃப்ளூமாசெனில் என்று ஊசி உண்டு. ஆனால் வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவருக்குப் போட்டால் வலிப்பு வரலாம் என்பதால், மூச்சு சீராக இருக்கிறது, காத்திருப்போம் என்றார் டாக்டர். ஆபரேஷன் வருகிறதென்று அந்த மாத்திரையை நாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்துதானாம். சொல்லிவிட்டால் போதும், அவர்கள் முடிவு செய்வார்கள்.

அப்போதுதான் என் பையில் கிடந்த காது மெஷின் ஞாபகம் வந்தது! தியேட்டருக்குள் போகும்போது பல்செட்டோடு கழற்றிக் கொடுத்தது. "ஐயா, கண்ணைத் திறங்க" என்று இவ்வளவு நேரம் கேட்காத காதில் கத்தியிருக்கிறார்கள். "இப்ப எதுக்கு?" என்றார் நர்ஸ். டாக்டரிடம் கெஞ்சி உள்ளே போய் மாட்டினேன். மெஷின்தான் எழுப்பியது என்று சொல்ல மாட்டேன், மருந்தும் அதற்குள் இறங்கியிருக்கும். ஆனால் நான் கூப்பிட்டதும் விரலை அழுத்தினார்.

அன்று இரவு முழுக்கக் குழப்பம். என்னைச் சித்தப்பா பெயரில் கூப்பிட்டார், டிரிப்ஸைப் பிடுங்கப் பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கும்போதெல்லாம் மணி சொன்னேன். விடிந்ததும் அதே நர்ஸ் வந்து, "மூக்குக் கண்ணாடி இருந்தா அதையும் போட்டுவிடுங்க" என்றார்.