பலகைக்குப் பின்னால் எங்கள் கார்

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் மகனுக்கு ஒன்றரை மணி நேர வகுப்பு. முடிந்ததும் அவனை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தால், காரின் முன்கண்ணாடியில் மஞ்சள் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. அபராதம் 70 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. குற்றத்தின் எண் 12: குடியிருப்பவர்களுக்கான இடத்தில் அனுமதி இல்லாமல் நிறுத்தியது.

நான் பலகையைப் படித்துவிட்டுத்தான் நிறுத்தியிருந்தேன். இரண்டு மணி நேரம் நிறுத்தலாம் என்று அதில் இருந்தது. மகனைக் காரில் உட்காரவைத்துவிட்டு அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெள்ளைக் கோடு போட்ட அந்த நீளமான இடம் உண்மையில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி யாருக்கும் இரண்டு மணி நேரம். அடுத்தது அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும். இரண்டையும் பிரிக்கும் குறுக்குக்கோடு தேய்ந்து தாரோடு தாராகிவிட்டது. இரண்டாவது பகுதிக்கும் கம்பத்தில் ஒரு பலகை இருந்தது. ஆனால் அதைப் பிடித்திருந்த பட்டை துருவேறித் தளர்ந்ததால், பலகை முழுவதுமாகத் திரும்பி ஒரு வீட்டின் வேலிச்செடியைப் பார்த்து நின்றது. சாலையிலிருந்து அதன் சாம்பல் நிற முதுகுதான் தெரியும்.

அங்கேயே படம் எடுத்தேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து என்ன தெரிகிறது என்று ஒன்று, பலகையின் முதுகு ஒன்று, தேய்ந்த கோட்டின் பக்கத்தில் மகனின் காலணி இருக்கும்படி ஒன்று. முதல் பலகையிலிருந்து கார் வரை நடந்துகொண்டே ஒரு வீடியோவும் எடுத்தேன். பலகையைத் திருப்பி நேராக வைக்கலாமா என்று கை பரபரத்தது. நல்லவேளை, தொடவில்லை. தொட்டிருந்தால் என் சாட்சியை நானே அழித்திருப்பேன். அன்று இரவே, அபராதம் போட்ட உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலின் இணையதளத்தில், தெருப் பழுதுகளைச் சொல்லும் பக்கத்தில் 'பலகை திரும்பியிருக்கிறது' என்று புகார் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துவைத்தேன். அப்போது அதைக் கடமையாக நினைத்துத்தான் செய்தேன். பின்னால் அதுவே பெரிய உதவியாக அமைந்தது.

"35 பவுண்டோடு போகட்டும், கட்டிவிடு" என்றார் கணவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாதித் தொகை என்பது பலரையும் பேசவிடாமல் செய்துவிடுகிறது. ஆனால் கட்டிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது, பிறகு வாதாட இடமில்லை. 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுதினால், அதை நிராகரித்தாலும் பாதித் தொகை கட்டும் வாய்ப்பைக் கவுன்சில்கள் வழக்கமாக மறுபடி தருகின்றன. அதனால் முதல் ஆட்சேபத்தை எழுதுவதில் இழப்பு எதுவும் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவுன்சில் தருவது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். கடை வளாகங்களில் தனியார் நிறுவனங்கள் தருவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே முதலெழுத்துகள் (PCN), ஆனால் சட்டமும் வழியும் வேறு. நான் சொல்வது இங்கிலாந்தில் கவுன்சில் தருவதைப் பற்றி மட்டும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'பலகைகள் போதுமான அளவில் உள்ளன' என்று இரண்டு பத்தி. என் படங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அன்று உண்மையாகவே மனம் நொந்தது. நோட்டீஸ் எண்ணும் காரின் எண்ணும் கொடுத்தால், சீட்டு வைத்த அதிகாரி எடுத்த படங்களை இணையதளத்தில் பார்க்கலாம். முதல் நாளே கைபேசியில் பார்த்திருந்தேன். இந்தமுறை கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் அனுமதிப் பலகையின் முகப்பு, எழுத்துகள் பளிச்சென்று. அதன் விளிம்புக்கு அப்பால் ஒரு நீலக் கூரை. எங்கள் கார்!

பலகை சாலையைப் பார்த்து இருந்திருந்தால், அதன் முகப்பைப் படம் எடுக்கும்போது பின்னால் தெரிய வேண்டியது வேலிச்செடி. சாலையும் காரும் தெரிகின்றன என்றால், அதிகாரி செடிக்கும் கம்பத்துக்கும் நடுவே நின்றுதான் அதைப் படித்திருக்கிறார். காரில் வருகிறவர் படிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சரி, கட்ட வேண்டாம்" என்றார்.

அடுத்து வந்தது நோட்டீஸ் டு ஓனர், கணவர் பெயரில். கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் இது வரும், ஓட்டியவருக்கு அல்ல. முறையான ஆட்சேபமும் அவர் பெயரில்தான் போக வேண்டும். அதற்கு 28 நாள் அவகாசம். பதில் தரக் கவுன்சிலுக்கு 56 நாள். அதைத் தாண்டினால் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். நாம் சும்மா இருந்தால் தொகை பாதி மடங்கு ஏறி 105 ஆகும், பிறகு நீதிமன்றப் பதிவு, வசூல் என்று நீளும். இந்தக் கட்டத்தில் கடிதத்தைத் தவறவிடவே கூடாது. வீடு மாறியவர்கள் வண்டிப் பதிவில் முகவரியை மாற்றாமல் விட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டாவது கடிதத்தில் கோபத்தை எல்லாம் எடுத்துவிட்டேன். 'குற்றம் நடக்கவில்லை' என்ற ஒரே காரணம். போக்குவரத்து ஆணைகளுக்கான 1996ஆம் ஆண்டு விதிகளில் 18ஆவது விதி, சாலையைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் போதுமான தகவல் தரும்படி பலகைகளை வைத்துப் பராமரிக்கும் பொறுப்பை அந்த அதிகார அமைப்பின்மீதே வைக்கிறது. அதைக் குறிப்பிட்டேன். அவர்களுடைய மூன்றாவது படத்தை இணைத்து, கூரையைச் சுற்றி வட்டம் போட்டேன். இதற்கிடையில் என் தெருப் புகாருக்கு 'பலகை சரிசெய்யப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்திருந்தது. அதையும் சேர்த்தேன்.

அதையும் நிராகரித்தார்கள்.

இனி தீர்ப்பாயம். லண்டனுக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு. எங்களைப் போல வெளியே இருப்பவர்களுக்கு டிராஃபிக் பெனால்டி டிரிபியூனல். 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. தோற்றால் முழு 70 பவுண்டையும் கட்ட வேண்டியதுதான், பாதித் தொகை இனி கிடைக்காது. எல்லாம் இணையத்திலேயே நடக்கிறது. இரு தரப்பும் ஏற்றும் சாட்சியங்களை இருவரும் பார்க்கலாம். அதிகாரியின் குறிப்பில் 'பலகை சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று இல்லை. கவுன்சில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

வீடியோ விசாரணையில் கணவர் பக்கத்தில் இருக்க, அவர் சார்பில் நான் பேசினேன். கை நடுங்கியது. தீர்ப்பாளர் பெண், பொறுமையாகக் கேட்டார். மூன்றாவது படத்தைத் திரையில் வைத்து, "பின்னால் தெரிவது உங்கள் வண்டியா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம்" என்றேன். கவுன்சில் தரப்பில் பேசியவரிடம் படம் எங்கே நின்று எடுக்கப்பட்டது என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. தீர்ப்பு எழுத்தில் வந்தது: பலகை போதுமானதாக இல்லை, மேல்முறையீடு ஏற்கப்படுகிறது, நோட்டீஸை ரத்து செய்ய வேண்டும். சீட்டு ஒட்டிய நாளிலிருந்து ஐந்து மாதம்.

அடுத்த சனிக்கிழமை இதைப் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகனோடு படிக்கும் பெண்ணின் அம்மா, "எனக்கும் அதே வாரம், அதே இடத்தில்தான் கிடைத்தது. மறுநாளே 35 கட்டிவிட்டேன், அக்கா" என்றார். கட்டியதைத் திரும்பக் கேட்க அவருக்கு மேல்முறையீட்டு உரிமை இல்லை. இருந்தாலும் தீர்ப்பின் நகலை இணைத்துக் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றேன். வகுப்பு முடிவதற்குள் இருவரும் உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டோம். பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.