பியானோவும் டியூனர்களும்

மார்ச் 4
சிறிய அப்ரைட் பியானோ. கிட்டார் டியூனரை வைத்து இதற்குச் சுருதி சேர்ப்பது வீண் வேலை. ஒவ்வொரு சுரமும் கணக்குப்படி நின்றாலும் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. எஃகுக் கம்பியின் விறைப்பால் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு அதே கம்பியில் சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) சரியான மடங்கில் நிற்பதில்லை. 440 ஹெர்ட்ஸ் கம்பியில் அடிச்சுரத்துக்கு அடுத்த மேற்சுரம் 880-ஐச் சற்றுத் தாண்டியே ஒலிக்கும். அதனால் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் ஏற்றியும், கீழ் ஸ்தாயியைக் கொஞ்சம் இறக்கியும் வைக்க வேண்டும். ரெயில்ஸ்பேக் என்ற ஆய்வாளர் 1938-இல் காட்டிய வளைகோடு இதுதான். எவ்வளவு என்பது பியானோவுக்குப் பியானோ மாறும்.

மார்ச் 6
டியூன்லேப் என்ற பியானோ டியூனர் மென்பொருள் சில சுரங்களை அளந்துகொண்டு மற்றவற்றுக்கு வளைகோடு போடுகிறது. சாண்டர்சன் அக்யு-டியூனர் என்ற கருவியும் இதே வழிதான்: எஃப்3, ஏ4, சி6 ஆகிய மூன்று சுரங்களை (எழுத்து சுரத்தின் பெயர், எண் அதன் ஸ்தாயி) அளந்தால் போதும். நடுப்பகுதி அருமையாக அமைந்தது. செம்பு சுற்றிய கம்பிகள் முடிந்து வெறுங்கம்பிகள் தொடங்கும் இடத்தில்தான் தகராறு. அங்கே கம்பியின் குணம் சட்டென்று மாறுகிறது, வளைகோடோ வழுவழுவென்று கடந்துபோகிறது. ஒரு ஸ்தாயி இடைவெளியுள்ள இரு சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் விம்மல், அதாவது சுருதி ஒட்டாததால் ஒலி ஏறி இறங்கும் அலைவு, தெளிவாகக் கேட்கிறது.

மார்ச் 7
அடுத்த டியூனர், வெரிட்யூனர். இது ஒவ்வொரு சுரத்தையும் சேர்க்கும்போதே பல மேற்சுரங்களைக் கேட்டு, கணக்கைத் திருத்திக்கொண்டே வருகிறது. அதே இடத்தில் ஸ்தாயி விம்மலின்றிக் கச்சிதமாக ஒட்டியது. சிறிய பியானோவுக்கு என் ஓட்டு இதற்கே.

மார்ச் 9
என்ட்ரோபி பியானோ டியூனர் என்ற மென்பொருள். வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஹின்ரிக்சன் 2012-இல் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்தது. 88 சுரங்களையும் முதலில் பதிவு செய்ய வேண்டும். பிறகு கணினி சுருதிகளைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்து, மேற்சுரங்கள் நன்றாக ஒன்றின்மேல் ஒன்று படியும் நிலையைத் தேடுகிறது. அழகான சிந்தனை! ஆனால் பதிவுக்கு முழு அமைதி வேண்டும். உச்சியில் உள்ள சுரங்கள் நொடியில் அடங்கிவிடுகின்றன.

மார்ச் 10
இன்று திரையை அணைத்துவிட்டேன். ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள். பக்கக் கம்பிகள் ஒலிக்காமல் அடக்கி வைத்திருந்த ஃபெல்ட் துணிப் பட்டையை உருவிவிட்டு, நடுக்கம்பியோடு மற்ற இரண்டையும் காதால் சேர்க்கிறேன். ஏ4-இல் ஒரு சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) பிசகினால் நான்கு நொடிக்கு ஒரு விம்மல். காது அதை எளிதில் பிடித்துவிடும். இரு வேறு சுரங்களான எஃப்3-ஏ3 இணையிலோ விம்மல் இருந்தே ஆக வேண்டும், நொடிக்கு ஏறத்தாழ 7. இருக்கிறது. கம்பியை இறுக்கும் ஆணியைத் திருகி, சுருதியைச் சற்றே மேலேற்றி, மெல்ல இறக்கி நிறுத்த வேண்டும். இல்லையேல் பலமாக இரண்டு தட்டுத் தட்டியதும் சுருதி நழுவும். அந்தக் கைப்பழக்கத்தை எந்தக் கருவியும் கற்றுத் தருவதில்லை. உச்சி ஸ்தாயி மட்டும் மீதி, நாளை பார்க்கலாம்.