குதிகால்

ரோலர் கோஸ்டர் வாசலில், உயரம் பார்க்கும் அளவுப் பலகை முன்னால் நின்றதும் மகள் மெல்லக் குதிகாலைத் தூக்கினாள்.

120 செ.மீ. என்று ஒரு கோடு. உச்சந்தலைக்கும் கோட்டுக்கும் நடுவே ரெண்டு விரல் இடைவெளி.

வாசலில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே, "குதிகாலைக் கீழ வைடா கண்ணு" என்றார்.

வைத்தாள். ரெண்டு விரல் நாலு விரலானது.

முக்கால் மணி நேர வரிசை! (சின்னவன் பாதியிலேயே என் தோளில் தூங்கிப்போனான்.) எனக்குச் சுருக்கென்று கோபம். ஆனால் வயதைக் கேட்காமல் உயரத்தை அளப்பதில் நியாயம் இருக்கிறது. மடிமேல் இறங்கும் கம்பிக்கு வயது தெரியாது, சின்ன உடம்பு அதற்கடியில் நழுவிவிடும்.

வேலியோரம் நின்று ரோலர் கோஸ்டரை வேடிக்கை பார்த்தோம். மேடேறும்போது வருகிற அந்த 'டக் டக்', பெட்டி பின்னால் சரியாமல் தடுக்கும் கொக்கியின் சத்தம் என்றேன். சங்கிலி உச்சிவரைதான் இழுக்கும், அப்புறம் இறங்குகிற வேகத்திலேயே மிச்ச தூரமும் ஓடும்.

"அப்ப மேல போறவரைக்கும்தான் கஷ்டமாப்பா?"

இவள் இவ்வளவு சீக்கிரம் வளர்கிறாளே என்று ஏங்குகிறவன் நான். அவளுக்கோ வளர்ச்சி போதவில்லை.

ராத்திரி பல் தேய்த்துவிட்டு வந்தவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பென்சில் எடுப்பா. குதிகால் கீழதான் இருக்கு, பாத்துக்கோ."